படிக்காமல் விட்ட 22 கேள்விகள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22. ஊர் கடலூர் முதுநகர். பிளஸ் டூ வரை தமிழ்வழி, பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, 78 சதவீதம். அப்பா நெய்வேலியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு அனல்மின் நிலையத்தில் டிரெய்னி ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன். ஆப்டிட்யூட் தேர்வு புதுச்சேரியில் கம்ப்யூட்டரில் நடந்தது. 60 நிமிடம், 50 கேள்வி. சரியான விடைக்கு 3 மார்க், தவறுக்கு 1 மார்க் கழிப்பார்கள். 60 மார்க் எடுத்தால்தான் அடுத்த கட்டம். நான் எடுத்தது 46. 28 கேள்வி முடிக்கும்போதே 55 நிமிடம் ஓடிவிட்டது. மீதி 22 கேள்வியையும் படிக்காமலே ஏதோ ஒன்றை கிளிக் செய்தேன். கேள்வியை மனதுக்குள் தமிழில் மாற்றிவிட்டுத்தான் யோசிப்பேன். வீட்டுக்கு வந்து கடிகாரம் இல்லாமல் உட்கார்ந்தால் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் வருகிறது. இது இரண்டாவது தோல்வி. என் மூளை மந்தமா ஐயா? கோச்சிங்கில் 25,000 கேட்கிறார்கள். அம்மா வளையலை அடகு வைக்கிறேன் என்கிறார். பேசாமல் அப்பாவோடு கான்ட்ராக்ட் வேலைக்கே போய்விடட்டுமா? கேள்வித்தாள், என் விடைகள் இரண்டின் பிரிண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, அந்த பிரிண்டை வைத்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. தோற்ற தேர்வின் தாளை யாரும் திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை. நீங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் எவ்வளவு நேரம் ஆனது என்று ஞாபகம் இருந்தவரை குறித்தும் வைத்திருக்கிறீர்கள். 31 வருடம் அனல்மின் நிலையத்தில் இருந்தவன் நான், கடைசி 9 வருடம் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். மீட்டர் அளவுகளைக் குறிக்கும் லாக் ஷீட்டை இப்படி எழுதுகிற பையனைப் பார்த்தால் எனக்கு அவன் மேல் தனி நம்பிக்கை வந்துவிடும்.

உங்கள் தாளை வைத்துக்கொண்டு நேற்று சாயங்காலம் ஒரு கணக்குப் போட்டேன். நீங்கள் படித்துப் போட்டவை 28. அதில் சரி 19, தவறு 9. 57-ல் 9 போனால் 48. படிக்காமல் கிளிக் செய்த 22-ல் 5 சரி, 17 தவறு. 15-ல் 17 போனால் மைனஸ் 2. ஆக 46.

அந்தக் கடைசி 5 நிமிடக் குருட்டு கிளிக்குதான் கெடுத்தது என்று நீங்கள் நினைப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அது கெடுத்தது 2 மார்க் மட்டும்தான். நான்கு விடைகளில் ஒன்று சரி, சரிக்கு 3, தவறுக்கு 1 கழிப்பு என்றால், கண்ணை மூடிப் போடுவதில் சராசரி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நான்கு முறை போட்டால் ஒரு தடவை 3 கூடும், மூன்று தடவை 1 குறையும், பூஜ்யத்தில் வந்து நிற்கும். கேள்வியைப் படித்து 'இது நிச்சயம் விடை இல்லை' என்று ஒன்றை அடித்துவிட்டு மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கொஞ்சம் லாபம். இரண்டை அடிக்க முடிந்தால் ஒரு கேள்விக்கு 1 மார்க் லாபம். இந்த 3-க்கு 1 முறையை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்பாக்கம், கூடங்குளம் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் டிரெய்னி தேர்விலும் முதல் கட்டம் இதே மாதிரிதான் வந்திருக்கிறது: 50 கேள்வி, 1 மணி நேரம், கூட்டல் 3, கழித்தல் 1.

மார்க் எங்கே போனது என்றால், 7, 15, 22 என்ற மூன்று கேள்விகளில் போனது. 7-க்கு 6 நிமிடம், 15-க்கு 5, 22-க்கு 4 என்று குறித்திருக்கிறீர்கள். மொத்தம் 15 நிமிடம். அதில் 7 மட்டும் சரி, மற்ற இரண்டும் தவறு. 3-ல் 2 போனால் 1. கால் மணி நேரம் உழைத்ததற்குக் கிடைத்த கூலி ஒரே ஒரு மார்க்.

இன்னும் ஒரு படி போவோம். அந்த மூன்றையும் தொடாமல் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீதி 25 கேள்வியை 40 நிமிடத்தில் போட்டிருக்கிறீர்கள், ஒன்றுக்கு 96 நொடி. 18 சரி, 7 தவறு, அதாவது 47 மார்க். கையில் மிஞ்சியிருக்கும் 15 நிமிடத்தில், ஒரு நொடிகூட வேகம் கூட்டாமல், இன்னும் 9 கேள்வி போட்டிருக்கலாம். உங்கள் வழக்கப்படி அதில் 6 சரி, 3 தவறு என்றே வைத்துக்கொள்வோம். 15 மார்க். 47-ம் 15-ம் 62. கடைசியில் குருட்டு கிளிக்கே வேண்டாம், நீங்கள் அடுத்த கட்டத்தில் இருந்திருப்பீர்கள்.

மூளை மந்தமா என்று கேட்டீர்கள். இல்லை தம்பி. உங்களுக்குக் கேள்வியை விடத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதுவும் ஏன் தெரியவில்லை என்று எனக்குப் புரிகிறது. எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். வால்வில் கசிவு என்றால், எங்கே என்று கண்டுபிடிக்காமல் நகராதவன்தான் நல்ல ஃபீல்டு ஆபரேட்டர். அந்தக் குணத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் குணம் எங்கே உட்காரவேண்டும், எங்கே எழுந்து போகவேண்டும் என்பது தனிப் படிப்பு. அதை எனக்குக் கன்ட்ரோல் ரூமில் சொல்லிக்கொடுத்தார்கள்.

210 மெகாவாட் யூனிட் ஒன்றில் டெஸ்க்கில் உட்கார ஆரம்பித்து எனக்கு அப்போது இரண்டாவது மாதம். நைட் ஷிப்ட், விடியற்காலை மூன்று மணி வாக்கில் பாய்லர் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஐ.டி. ஃபேன் ஒன்று டிரிப் ஆகி நின்றது. எதிரே அலாரம் பேனலில் கட்டம் கட்டமாக மஞ்சள் விளக்குகள் மின்ன ஆரம்பித்துவிட்டன, ஹூட்டர் வேறு அலறுகிறது. நான் உலைக்குள் அழுத்தத்தைக் காட்டும் ஃபர்னஸ் டிராஃப்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முள் ஆடுகிறது, நானும் அதோடு ஆடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் டிரம் லெவல், அதாவது பாய்லர் டிரம்மின் தண்ணீர் மட்டம், நகரத் தொடங்கியதை நான் பார்க்கவே இல்லை. சீனியர் வந்தார். முதலில் அக்செப்ட் பட்டனை அழுத்தி ஹூட்டரை நிறுத்தினார். பாய்லருக்குப் போகும் ஃபீட் வாட்டரை மேனுவலில் எடுத்து லெவலைப் பிடித்தார். லோடைக் குறைக்கச் சொன்னார். யூனிட் தப்பியது. எல்லாம் அடங்கிய பிறகு டீ வந்தது. அப்போது சொன்னார்: "ஒண்ணையே மொறைச்சிக்கிட்டு நிக்காதடா. பேனல் பூரா கண்ணை ஓட்டு. எதுக்கு இப்ப கை வேணும், எது தானா நிக்கும், எது கொஞ்ச நேரம் காத்திருக்கும்னு பாரு. அப்புறம் தொடு."

7-ஆம் கேள்வியில் நீங்கள் 6 நிமிடம் நின்றதைப் படித்ததும் எனக்கு அந்த டிராஃப்ட் மீட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூன்று பல்சக்கரங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. முதலாவதில் 24 பல், நிமிடத்துக்கு 900 சுற்று. நடுவில் 36 பல். கடைசியில் 18 பல். கடைசிச் சக்கரம் எத்தனை சுற்று, எந்தத் திசை? நீங்கள் முதலில் நடுச் சக்கரத்துக்கு 600 என்று கண்டுபிடித்து, அதிலிருந்து கடைசிச் சக்கரத்துக்கு 1200 என்று வந்து, திசைக்காகப் படம் வரைந்து, பிறகு சந்தேகத்தில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை போட்டிருக்கிறீர்கள். விடை சரி. ஆனால் நடுவில் இருப்பது ஐட்லர். அது வேகத்தை மாற்றாது, திசையை மட்டும் திருப்பித் தரும். பாலிடெக்னிக்கில் படித்ததுதான் இது. 900-ஐ 24-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 1200, முதல் சக்கரம் சுற்றும் அதே திசை. 20 நொடி. தெரிந்த விஷயம் கைக்கு வராமல் போனதுதான் குறை. நாற்பது ஐம்பது கணக்கு தொடர்ந்து போட்டால் அது கையில் வந்து உட்கார்ந்துவிடும்.

15-ஆம் கேள்வி எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஒரு பம்ப் தொட்டியை 8 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 12 மணி நேரத்தில். இரண்டும் சேர்ந்து ஓடினால்? நீங்கள் எக்ஸ் வைத்துச் சமன்பாடு போட்டு 4.8 என்று சரியாகவே வந்துவிட்டீர்கள். ஆனால் அதை 4 மணி 80 நிமிடம் என்று எடுத்து, 5 மணி 20 நிமிடம் என்ற விடையைத் தொட்டிருக்கிறீர்கள். அந்த விடையை அங்கே வைத்தவருக்கு இந்தத் தவறு நடக்கும் என்று நன்றாகத் தெரியும். 4.8 மணி என்றால் 4 மணி 48 நிமிடம். இந்த வகைக்குச் சமன்பாடே வேண்டாம். 8-க்கும் 12-க்கும் எல்.சி.எம். (மீச்சிறு பொது மடங்கு) 24. தொட்டி 24 குடம் பிடிக்கும் என்று நினையுங்கள். முதல் பம்ப் மணிக்கு 3 குடம், இரண்டாவது 2 குடம், சேர்ந்தால் 5. 24-ஐ 5-ஆல் வகுத்தால் 4.8. நம் ஊரில் குடத்தில் தண்ணீர் பிடிக்காத வீடு உண்டா? மனசுக்குள் குடத்தை வைத்துக்கொண்டால் தாளே வேண்டாம்.

22-ஆம் கேள்வி படக் கேள்வி. அதை விட்டுவிடுங்கள். நானும் 3 நிமிடம் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது 96 நொடிக்கு வருவோம். அதுவும் அதிகம்தான். 50 கேள்விக்கு 60 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 72 நொடி. இந்த 24 நொடி எங்கே கசிகிறது என்று உங்கள் கடிதத்தின் ஒரு வரியில் இருக்கிறது: 'கேள்வியை மனதுக்குள் தமிழில் மாற்றிவிட்டுத்தான் யோசிப்பேன்.' இது பெரிய விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. மத்திய அரசு நிறுவனங்களின் இந்த மாதிரித் தேர்வுகளில் கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் கணக்கில் தோற்பதில்லை, கணக்குக்குள் நுழைகிற வாசலில் நேரத்தை இழக்கிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித்தர எனக்குத் தெரியாது, நேரமும் இல்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று. பழைய கேள்வித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுத வைத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. 'அப்ராக்ஸிமேட்லி' என்று வந்தால் தசமம் வரை துல்லியமாகப் போடாதே, முழு எண்ணாக்கிக்கொள். 'ரெஸ்பெக்டிவ்லி' என்று வந்தால் சொன்ன வரிசையிலேயே எண்களைப் பொருத்து. 'எக்ஸப்ட்', 'நாட்' என்று வந்தால் உடனே மவுஸிலிருந்து கையை எடு, கேள்வி தலைகீழாகக் கேட்கிறது. உங்கள் 9 தவறுகளில் இரண்டு இந்த 'நாட்' பார்க்காததால் வந்தவை. 11-ஆம், 26-ஆம் கேள்விகள். எடுத்துப் பாருங்கள்.

தேர்வு அன்று தாளை எப்படி ஓட்டுவது என்று சொல்கிறேன். முதல் சுற்றில் 50 கேள்வியையும் படித்தாகவேண்டும், ஒன்றுகூட விடாமல். படித்து 20 நொடிக்குள் வழி தெரிகிறதா? போடுங்கள். வழி தெரிகிறது, ஆனால் நீளம் என்றால் 'மார்க் ஃபார் ரிவ்யூ' பட்டனைத் தொட்டு நகருங்கள். வழியே தெரியவில்லை என்றால் எதையும் தொடாமல் நகருங்கள். இதற்கு 35 நிமிடம். இரண்டாம் சுற்றில் ரிவ்யூவில் வைத்தவற்றை மட்டும் எடுங்கள், 20 நிமிடம். அதிலும் ஒரு கேள்விக்கு 2 நிமிடத்துக்கு மேல் கிடையாது. கடைசி 5 நிமிடத்தில், குறைந்தது ஒரு விடையையாவது அடிக்க முடிந்த கேள்விகளில் மட்டும் ஊகித்துப் போடுங்கள். ஒன்று கவனம்: சில நிறுவனங்கள் பகுதி பகுதியாகத் தனி நேரம் வைக்கின்றன, ஒரு பகுதியை மூடிவிட்டால் திரும்பப் போக முடியாது. அங்கே இதே முறையை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வையுங்கள். திரையில் முதலில் வரும் விதிமுறைப் பக்கத்தைப் பையன்கள் படிக்காமலே 'நெக்ஸ்ட்' அடிக்கிறார்கள். அதை முழுதாகப் படியுங்கள்.

எல்லாவற்றையும் முடிக்க முடியவில்லையே என்ற பயம் வேண்டாம். இந்த வகைத் தேர்வுகளை, பலரால் முடிக்க முடியாதபடி வேண்டுமென்றே நேரத்தைச் சுருக்கித்தான் அமைக்கிறார்கள். அமெரிக்க மின்நிலையங்களில் ஆபரேட்டர் எடுக்க, அங்குள்ள மின் நிறுவனங்களின் சங்கமான எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட்டின் தேர்வு ஒன்று உண்டு. அதில் கணக்குப் பகுதிக்கு 18 கேள்வி, 7 நிமிடம். ஒன்றுக்கு அரை நிமிடம்கூட இல்லை. அங்கேயும் ஒருவன் பாதியில் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

கோச்சிங்கைப் பற்றி. உங்கள் தாளைப் பார்த்தபிறகு என் கருத்து, வேண்டாம். அம்மாவின் வளையல் கையிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் பாடம் தெரியும், கைப்பழக்கம்தான் வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை. தினம் 10 கேள்வி, 12 நிமிடம், மேஜையில் கடிகாரம். 12 நிமிடம் முடிந்ததும் பேனாவை வைத்துவிடவேண்டும், நடுக் கணக்காக இருந்தாலும் சரி. அந்த வைத்துவிடுகிற பயிற்சிதான் உங்களுக்கு மருந்து. முதல் ஒரு வாரம் கை நடுங்கும், கோபம் வரும். வரட்டும். பிறகு கடிகாரம் இல்லாமல் அதே 10-ஐயும் திரும்பப் போட்டு, எதில் எவ்வளவு நேரம் போனது, ஏன் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். அதுதான் நீங்கள் நன்றாகச் செய்கிற வேலையாயிற்றே. 20 வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம், 12.5 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று, 16.67 என்றால் ஆறில் ஒன்று, இவை வாயில் வரவேண்டும். வாரம் ஒரு தடவை முழுத் தாளை பிரவுசிங் சென்டரில் பெரிய திரையில் போடுங்கள். செல்போனில் பழகிவிட்டு மவுஸைப் பிடித்தால் அதிலும் நொடிகள் போகும். ஆறு வாரம் இப்படிப் போனால் 96 நொடி 75 பக்கம் வந்து நிற்கும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்பாவோடு கான்ட்ராக்ட் வேலைக்குப் போவதா என்றால், வீட்டுக்குப் பணம் தேவை என்றால் போங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. நெய்வேலியில் 1962-ல் முதல் யூனிட் மின்சாரம் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை, அப்பாவைப் போன்றவர்களின் தோளில்தான் அங்கே பாய்லர்கள் நிற்கின்றன. ஆனால் வழி இருந்தால் அதற்கு முன் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். டிப்ளமோ முடித்தவர்களை நெய்வேலியிலேயே டெக்னீஷியன் அப்ரெண்டிஸாக எடுக்கிறார்கள். உதவித்தொகை பெரிதாக இருக்காது, ஆனால் ஒரு வருடம் டர்பைன் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். அடுத்த தேர்வில் பம்ப், வால்வு, பிரஷர் என்று கேள்வி வரும்போது அது கண்ணால் பார்த்த பொருளாக இருக்கும். அதே நெய்வேலியில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனம் 1965-லிருந்து நடக்கிறது. மின்துறைக்கு ஆட்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. டிப்ளமோவுக்கு ஏற்ற படிப்பு இப்போது என்ன இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று நேரில் போய்க் கேளுங்கள். அப்பா வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் கூடவே போய் வந்துவிடலாம்.

இன்னொன்று, இதைக் கடுமையாகவே சொல்கிறேன். 'இரண்டு லட்சம் கொடு, உள்ளே ஆள் இருக்கிறது' என்று யாராவது வந்தால், டீக்கடையில் பார்த்தவரானாலும் சொந்த மாமாவானாலும், வீட்டு வாசல்படி ஏற விடாதீர்கள். கம்ப்யூட்டர் தேர்வு மார்க்கை விற்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டு தடவை தோற்ற பிள்ளை இருக்கிற வீட்டைத்தான் இவர்கள் தேடி வருவார்கள். அம்மாவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய அதே கேள்வித்தாளில் 29 முதல் 50 வரை இன்னும் நீங்கள் படிக்காதவை. நான் படித்துவிட்டேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்து, 26 நிமிடத்தில் அந்த 22-ஐயும் இரண்டு சுற்றாகப் போடுங்கள். எத்தனை கேள்வி முதல் சுற்றிலேயே முடிந்தது என்ற எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.